வானவடியில் ஒரு கற்குடை

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாங்வியில் மூலா நதி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் பயிலும் சாத்தாரா நண்பர் காலையிலேயே வந்து அறைக் கதவைத் தட்டினார். புனேக்கு வந்து ஓராண்டு முடிந்த பிறகும் சிந்தே சத்திரியைப் பாராமல் இருப்பது தகாது என்பது அவர் கட்சி. சத்திரி என்ற சொல் என் காதில் சத்திரம் என்று விழுந்தது. வழிப்போக்கர்க்குச் சோறிடும் இடம் போலும் என்று எண்ணி, உச்சிப் பொழுதுக்குள் போனால் உணவு கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

இரண்டு பேருந்து மாறி, நகரின் தென்கிழக்கே உள்ள வானவடியில் இறங்கினோம். மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்தபடியே நான் வாயிலைக் கடந்து முற்றத்தில் கால் வைத்தேன். வைத்ததும் ஒரு பெரியவர் கையை வீசிக்கொண்டு எதிரே வந்தார். குடையை மடக்கச் சொல்கிறார் என்பது விளங்கியது. ஏன் என்பது விளங்கவில்லை. நண்பரோ தம் குடையை வாயிலிலேயே மடக்கிவிட்டு நனைந்துகொண்டு நின்றார். எனக்கு உள்ளூரக் கோபம். கோயிலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், சரி. குடை என்ன பாவம் செய்தது? மண்டபத்துக்குள் ஒதுங்கிய பிறகு நண்பர் விளக்கினார். சத்திரி என்றால் குடை. இங்கே விரிந்திருப்பது மகாதஜி சிந்தேயின் குடை. அதன் எதிரில் இன்னொருவன் தன் குடையை விரிப்பது அவரை அவமதிப்பதாகும் என்பது இவ்விடத்து நம்பிக்கை.

இறந்து 230 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட ஒருவருக்காக நான் நனைய வேண்டியிருக்கிறது என்றால், அவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு உண்டு அல்லவா? நம் ஊர்ப் பள்ளியில் படித்த வரலாற்றுப் பாடத்தில் அவர் ஒரே வரியில் வந்து போனார். அங்கே அவர் பெயர் சிந்தியா. ஆங்கிலேயர் நாவில் சிந்தே சிந்தியா ஆயிற்று. அதையே நாமும் மனப்பாடம் செய்தோம். ஆகவே அன்று தொடங்கி, சோதனைகளுக்கு இடையே கிடைத்த மாலை நேரங்களில் நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

முதலில் குடையைப் பற்றிச் சில சொற்கள்.

இறந்தவர்க்கு இல்லம் எடுக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. எகிப்தில் கூபு என்னும் மன்னனுக்கு ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன் எழுந்த பிரமிடு 146 மீட்டர் உயரம் இருந்தது. அத்தனை பெரிய கல்மலைக்கு உரியவன் என்ற பெருமை அவனுக்கு. ஆனால் அவனுடையது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க முழு உருவச் சிலையாகக் கிடைத்திருப்பது ஏழரைச் சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தந்தப் பதுமை! என் சட்டைப் பையில் அவனை வைத்துக்கொள்ளலாம். சிறிய ஆசியாவில் காரியா நாட்டை ஆண்ட மௌசோலஸ் கி. மு. 353-இல் இறந்தான். அவன் நினைவாக எழுந்த கட்டடம் உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றாக எண்ணப்பட்டது. நிலநடுக்கங்களில் அது விழுந்தது. பின்வந்த வீரர்கள் அதன் கற்களைப் பெயர்த்துக் கோட்டை கட்டிக்கொண்டார்கள். மிஞ்சியது அவன் பெயர் ஒன்றே. ஆங்கிலத்தில் பெருங்கல்லறைகளை எல்லாம் மாசோலியம் என்று சொல்வது அவன் பெயரால்தான்.

நம் நாட்டிலும் இதற்குக் குறைவில்லை. பொருநைக் கரையில் ஆதிச்சநல்லூரின் தாழிகளை நாம் அறிவோம். போரில் விழுந்தவனுக்கு நடுகல் எழுப்பியதையும் அறிவோம். சோழர் காலத்தில் இறந்த அரசனுக்குச் சிவன் கோயிலே எடுத்தார்கள். அதற்குப் பள்ளிப்படை என்று பெயர். ஆற்றூரில் மாண்ட தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் எடுத்த பள்ளிப்படை, வேலூரை அடுத்த மேல்பாடியில் இன்றும் நிற்கிறது.

மராட்டிய மண்ணுக்கு வருவோம். புனேக்குக் கிழக்கே கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ் என்று ஓர் ஊர். இந்நகரின் தக்காணக் கல்லூரி ஆய்வாளர்கள் 1968 முதல் அங்கே அகழ்ந்தார்கள். ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்வூர் மக்கள், இறந்தவர்களைத் தங்கள் வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். பெரியவர்களைப் புதைக்கும்போது பாதங்களை வெட்டிவிட்டிருக்கிறார்கள். போனவர் எழுந்து நடந்துவிடக்கூடாது என்ற அச்சமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஊர் நடுவே ஐந்து அறைகள் கொண்ட வீடு ஒன்று. அதன் முற்றத்தில் நான்கு கால்கள் கொண்ட பெரிய மண்தாழி ஒன்று கிடைத்தது. அதற்குள்ளே நடுவயதுக்காரர் ஒருவர் கால்களை மடக்கி அமர்ந்த நிலையில் இருந்தார். ஊர்த் தலைவராகத்தான் இருக்க வேண்டும்.

தாழிக்குப் பிறகு தூபி வந்தது. சாம்பலையும் எலும்பையும் மூடிய மண்மேடுதான் தூபிக்கு முதல். அரசர்க்குப் பிடிக்கும் குடையை அதன் உச்சியில் வைத்தார்கள். லோனாவ்ளா செல்லும் இரயிலில் மலவ்லி நிலையத்தில் இறங்கினால் கார்லா குகை கிட்டத்தில்தான். அங்கே 124 அடி நீளமுள்ள குடைவரைக் கூடத்தின் கடைசியில் கல்தூபி நிற்கிறது. அதன் தலையில் மரத்தால் செய்த குடை ஒன்று, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக, இன்றும் விரிந்திருக்கிறது. நான் அதை அண்ணாந்து பார்த்தபோது கழுத்து வலித்ததே தவிர, கண் அகலவில்லை. பின்னாளில் இராசபுத்திர அரசர்கள், தம் முன்னோரை எரித்த இடத்தில் தூண்கள் நிறுத்தி மேலே குவிந்த விதானம் அமைத்தார்கள். குடை போல் இருப்பதால் அதற்குச் சத்திரி என்று பெயர் ஆயிற்று. வடக்கே சென்ற மராட்டியர்கள் அந்த வழக்கத்தைக் கண்டு தாமும் கைக்கொண்டார்கள். அப்படி வடக்கே சென்று, அங்கேயே வேரூன்றியவர்களில் முதல்வர் என்று மகாதஜியைச் சொல்லலாம்.

அவர் பிறந்தது 1730-ஆம் ஆண்டு வாக்கில். சிந்தேக்களின் சொந்த ஊர் சாத்தாராப் பக்கத்துக் கண்ஹேர்கேட் என்னும் சிற்றூர். அவ்வூர்ப் பாட்டீல், அதாவது நம் ஊர் மணியக்காரர் போன்ற உரிமை அவர்கள் குடும்பத்துக்கு உண்டு. தந்தை ராணோஜி, பேஷ்வா பாஜிராவின் காலணிகளைக் காக்கும் வேலையில் இருந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஒரு நாள் பாஜிராவ் உள்ளே நெடுநேரம் பேசிவிட்டு வெளியே வந்து பார்த்தாராம். ராணோஜி தரையில் படுத்து உறங்கிக்கொண்டிருக்கிறார், ஆனால் காலணிகளை மார்போடு இறுகப் பிடித்திருக்கிறார். செருப்பையே இப்படிக் காப்பவன் நாட்டை எப்படிக் காப்பான் என்று எண்ணிப் படையில் சேர்த்துக்கொண்டாராம். கதை மெய்யோ பொய்யோ, ராணோஜி உயர்ந்தது மெய். மாளவத்தில் உஜ்ஜயினியை இருப்பிடமாகக் கொண்டு சிந்தே குடும்பத்துக்கு அடிகோலியவர் அவரே.

மகாதஜி அவருடைய இளைய பிள்ளை. தாயார் ராணோஜியின் முதல் மனைவிக்கு நிகரான தகுதியுடையவர் அல்லர் என்று அக்காலத்தார் பேசினார்கள். ஆகவே பட்டமோ பங்கோ அவருக்கு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்குக் காலன் கணக்கு வேறாக இருந்தது. மூத்தவர் ஜயப்பா 1755-இல் நாகோரில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். இன்னொரு சகோதரர் தத்தாஜி 1760 சனவரியில் தில்லிக்கு அருகே யமுனைத் துறையில், ஆப்கானியரை எதிர்த்து நின்று மாண்டார். ஜயப்பாவின் மகன் ஜன்கோஜி, இளைஞர், அடுத்த ஆண்டே பானிப்பட்டில் சிறைப்பட்டு உயிரிழந்தார்.

பானிப்பட்டு! மராட்டிய நண்பர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மாறுகிறது. 1761 சனவரி 14. இந்நாளில் நாம் பொங்கலிடும் அதே தேதி. காலையில் போர் தொடங்கியது; பிற்பகலில் ஒரு தலைமுறையே அழிந்துவிட்டது. தோற்ற படை தெற்கு நோக்கிச் சிதறி ஓடியது. மகாதஜியும் குதிரையில் ஓடினார். ஆப்கானிய வீரன் ஒருவன் அவரையே குறிவைத்துத் துரத்தினான். எவ்வளவு விரைந்தாலும் அவன் குதிரையின் குளம்பொலி பின்னால் கேட்டுக்கொண்டே இருந்ததாம். கடைசியில் மகாதஜியின் குதிரை ஒரு பள்ளத்தில் விழுந்தது. எட்டிப் பிடித்த ஆப்கானியன் போர்க்கோடரியால் அவர் காலில் வெட்டினான். நகைகளைப் பறித்துக்கொண்டு, செத்தான் என்று விட்டுவிட்டுப் போய்விட்டான். பல ஆண்டுகள் கழித்தும் அந்தக் குளம்பொலி தம் கனவில் வருவதாக மகாதஜி சொல்லுவார் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பள்ளத்துக்கு ஒரு மனிதன் வந்தான். பெயர் ராணாகான். தோற்பையில் நீர் சுமந்து படைக்கு ஊற்றுகிற பிஸ்தி. அவனும் உயிருக்கு ஓடிக்கொண்டிருந்தவன்தான். பள்ளத்தில் கிடப்பவன் யார் என்று பார்த்தான். தூக்கித் தன் எருதின் முதுகில் கிடத்தினான். தக்காணம் வரை கொண்டுவந்து சேர்த்தான்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். பேரரசுகளும் பேரரசர்களும் மோதிய அந்த நாளில், கடமை இன்னதென்று எவரும் சொல்லித்தராத ஒரு நீர்சுமப்பவன் செய்த செயலே எனக்குப் பெரிதாகப் பட்டது. மகாதஜிக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. கால் ஊனம் ஆயிற்று. வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். ஆனால் ராணாகானை மறக்கவில்லை. தம் உடன்பிறந்தான் என்றே அவரை அழைத்தார். சொல்லோடு நிற்காமல் படைத்தலைமையும் கொடுத்தார். மதமும் தொழிலும் குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை. மகாதஜியின் குருவாக விளங்கியவர் பீட் நகரத்துச் சூஃபி ஞானி மன்சூர் ஷா என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கண்ணன் மீது மராத்தியில் பாடல்கள் புனைந்தவரும் இதே மகாதஜிதான்.

ஊர் திரும்பியவருக்கு உரிமை காத்திருக்கவில்லை. சிந்தே குடும்பத்துச் சொத்துக்கும் படைக்கும் யார் தலைவர் என்ற வழக்கு ஏழு ஆண்டு நீண்டது. பிறப்பைச் சொல்லித் தட்டிக்கழித்தவர்கள் இருந்தார்கள். முடிவில் 1768-இல் பேஷ்வா மாதவராவ் அவரையே தலைவராக ஏற்றார். அடுத்த மூன்றே ஆண்டில் மராட்டியப் படை மீண்டும் தில்லியில் புகுந்தது. ஆங்கிலேயர் ஆதரவில் அலகாபாத்தில் ஒதுங்கிக் கிடந்த முகலாயப் பாதுஷா ஷா ஆலம், 1772 சனவரியில் மராட்டியர் துணையோடு தம் தலைநகருக்குத் திரும்பினார். பானிப்பட்டு முடிந்து பதினோரு ஆண்டுகூட நிறைவுறவில்லை.

அதே ஆண்டில் மாதவராவ் நோயால் மறைந்தார். அவர் தம்பி நாராயணராவ் 1773-இல் சனிவார் வாடா அரண்மனையிலேயே கொலையுண்டார். பதவி ஆசை பிடித்த சிற்றப்பன் ரகுநாதராவ் ஆங்கிலேயரிடம் ஓடினார். அவரைப் பேஷ்வா ஆக்குவது என்று பம்பாயிலிருந்து ஏறத்தாழ 4,000 வீரர் கொண்ட படை மலையேறி வந்தது. மகாதஜி அவசரப்படவில்லை. வழியில் வைக்கோலும் தானியமும் கிடைக்காதபடி செய்துவிட்டு, வா வா என்று உள்ளே வர விட்டார். தளேகாவ் வரை வந்த படை பசியால் தளர்ந்து, பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு இரவோடு இரவாகத் திரும்பியது. வட்காவில் சுற்றி வளைக்கப்பட்டு, 1779 சனவரி நடுவில் ஆங்கிலேயர் பணிந்து உடன்படிக்கை எழுதித் தந்தனர். நாம் தாப்போடியில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் கடந்துபோகும் வட்காவ் நிலையம் இதுவே. மகாதஜியை நினைவுகூரும் சின்னம் அவ்வூரிலும் உண்டு. ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் அந்த உடன்படிக்கையை ஏற்க மறுத்து மேலும் போரிட்டார் என்பது வேறு கதை. கடைசியில் 1782 மே மாதம் சால்பாயில் இரு தரப்புக்கும் நடுவராக நின்று அமைதி செய்துவைத்தவர் மகாதஜி. அதனால் இருபது ஆண்டு மராட்டியர்க்கும் ஆங்கிலேயர்க்கும் போர் இல்லை.

பிறகு வந்த பத்தாண்டு வெற்றியும் சறுக்கலும் கலந்தது. சவாய் நாட்டவரான டி புவாய்ன் என்பவரை அமர்த்தி, ஐரோப்பிய முறையில் காலாட்படை திரட்டினார். இந்த டி புவாய்ன் அதற்கு முன் நம் சென்னையில் ஆங்கிலக் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் வேலை பார்த்தவர். 1784 இறுதியில் பாதுஷா தம் அரசு முழுவதற்கும் முழு அதிகாரமுள்ள பிரதிநிதியாகப் பேஷ்வாவையும், பேஷ்வாவின் சார்பாளராக மகாதஜியையும் நியமித்தார். முகலாயப் பேரரசின் கடிவாளம் நொண்டிக் காலர் கைக்கு வந்தது. 1787-இல் இராசபுத்திரரோடு நடந்த போரில் காரியம் கெட்டு அவர் பின்வாங்க நேர்ந்தது. அந்த இடைவெளியில் குலாம் காதிர் என்ற ரோகில்லத் தலைவன் தில்லிக் கோட்டைக்குள் புகுந்து, 1788 ஆகஸ்டில் முதிய பாதுஷாவின் கண்களைக் குருடாக்கினான். மகாதஜி அனுப்பிய படை அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தில்லியை மீட்டது. அந்தப் படைக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் யார் தெரியுமா? ராணாகான். பானிப்பட்டுப் பள்ளத்தில் குனிந்து பார்த்த அதே பிஸ்தி!

பிடிபட்ட குலாம் காதிர் உறுப்புகள் அறுக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். அவன் செய்த கொடுமைக்குப் பதில் என்று சிலர் சமாதானம் சொல்லலாம். எனக்கு அது ஒப்பவில்லை. வீரரின் வரலாற்றை எழுதுகிறோம் என்பதற்காக இதை விட்டுவிடுவது நேர்மையாகாது. இராசபுத்திர நாட்டில் அவர் படைகள் வரி தண்டிய முறையும் அந்நாட்டு மக்கள் மறக்கத்தக்கதன்று.

1792 சூன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வடக்கே கழித்த மகாதஜி புனேக்கு வந்தார். பாதுஷா அளித்த பட்டத்தையும் உடைகளையும் இளைய பேஷ்வா சவாய் மாதவராவுக்கு அளிக்க வந்ததாகச் சொன்னார். பேஷ்வாவுக்கு அப்போது வயது பதினெட்டு. அமைச்சர் நானா பட்னவீசுக்கோ வயிற்றில் புளி கரைத்தது; தில்லியை ஆட்டிவைப்பவர் புனேயையும் ஆட்டிவைக்கத்தான் வருகிறார் என்று அவர் கணக்கிட்டார். சபை கூடியது. வடஇந்தியாவே நடுங்கும் தளபதி வாயிலிலேயே யானையை விட்டு இறங்கி, நொண்டி நடந்து வந்து, எல்லாருக்கும் கடைசியில் அமர்ந்தார். மேலே வந்து அமருமாறு பேஷ்வா அழைத்தார். மகாதஜி தம் கக்கத்திலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார், அவிழ்த்தார், உள்ளே ஒரு சோடி புதிய காலணிகள். பேஷ்வாவின் காலடியில் அவற்றை வைத்துவிட்டு, பழைய சோடியை எடுத்துத் தம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தம் தந்தை செய்த தொழில் இதுவே, தமக்கும் இதுவே என்று சொன்னாராம். பேரரசர் தந்த பட்டங்களைவிடத் தம்மைப் பாட்டீல் என்று அழைப்பதையே அவர் விரும்பினார் என்பதும் பலரும் எழுதிய செய்தி.

இதைக் கேட்ட ஆங்கிலேயர் சிலர், தேர்ந்த நடிப்பு என்று எழுதிவைத்தார்கள். நண்பரோடு இதைப் பற்றி நான் நெடுநேரம் வாதாடினேன். பாதி நடிப்பாகவே இருக்கட்டும். உயர்ந்த பின் தந்தையின் தொழிலை மறைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அதைச் சபை நடுவே விரித்து வைத்தவர் எத்தனை பேர்? நாளைக்கு நமக்கு ஓர் ஆய்வகமும் நாற்காலியும் கிடைத்தால் நாம் எந்த வகையில் சேர்வோம் என்று எண்ணிப் பார்த்தேன். விடை உடனே வரவில்லை.

புனேயில் அவர் தங்கியிருந்தது ஏறத்தாழ இருபது மாதம். வடக்கே நடத்திய போர்களுக்கான செலவுக் கணக்கு, நானாவோடு பூசல், ஹோல்கரோடு பகை என்று நாட்கள் கழிந்தன. 1794 பிப்ரவரி 12-ஆம் நாள், வானவடிப் பாசறையில், காய்ச்சலால் இறந்தார். நானாவின் ஆட்கள் தாக்கிக் கொன்றார்கள் என்று ஒரு வதந்தி அன்று பரவியது. வரலாற்றாசிரியர்கள் அதை நம்பவில்லை. ஆண் வாரிசு இல்லை. சகோதரர் துக்கோஜியின் பேரன் தௌலத்ராவ், பதினைந்து வயதும் நிரம்பாத சிறுவன், சிந்தேக்களின் தலைவன் ஆனான்.

பாசறை அருகே மகாதஜி தாமே ஒரு சிவன் கோயில் எழுப்பியிருந்தார். அதன் முற்றத்திலேயே அவரை எரித்தார்கள். அன்று அங்கே இருந்தது அந்தச் சிறு கோயிலும் சாம்பலும் மட்டுமே. தௌலத்ராவுக்குக் குடை விரிக்கும் நேரம் வாய்க்கவில்லை. ஒன்பது ஆண்டுக்குள், 1803-இல், மகாதஜி சேர்த்ததில் பெரும்பகுதி போயிற்று. அசாயியிலும் லஸ்வாரியிலும் தோல்வி. தில்லி ஆங்கிலேயர் கையில்.

இன்று நாம் காணும் பெரிய மண்டபம் அதற்கு நூறு ஆண்டுக்கும் பின்னால் வந்தது. 1886 முதல் 1925 வரை குவாலியரில் அரசராக இருந்த மாதவராவ் சிந்தே கட்டுவித்தது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், ஆங்கில மாளிகையில் இருப்பது போன்ற மேல்மாடம், இராசபுத்திரச் சிற்ப வேலை, சுவரில் குடும்பத்தார் படங்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சன்னலின் கீழ் ஈரச் சட்டையோடு நின்றபோது, இங்கே பேசுவது மகாதஜி அல்லர் என்று எனக்குத் தோன்றியது. ஆங்கிலப் பேரரசின் நிழலில் அரசாண்ட ஒருவர், ஆங்கிலேயரை வட்காவில் பணியவைத்த தம் முன்னோரை நோக்கி எடுத்த கும்பிடு அது. ஆங்கிலப் பாணியிலேயே அந்தக் கும்பிட்டைக் கட்ட நேர்ந்ததை என்னவென்று சொல்வது! மௌசோலஸின் பெயரை நிறுத்தியவள் அவன் மனைவி ஆர்ட்டெமிசியா. அரிஞ்சயனுக்குக் கோயில் எடுத்தவன் பேரன். கல்லறையில் கிடப்பவன் எங்கும் பேசுவதில்லை, கட்டியவனே பேசுகிறான். மண்டபத்தைத் தாண்டி உள்ளே போனால் கருங்கல் கருவறை. இருட்டு, எண்ணெய் நாற்றம், ஒரு சிவலிங்கம். மகாதஜி தம் கண்ணால் பார்த்தது இது. நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

மேல்பாடியில் இராசராசன் எடுத்த பள்ளிப்படையிலும் அப்படி ஒரு கருவறையும் இலிங்கமும்தான். பாட்டன் பெயர் கல்வெட்டில் இருப்பதால் நமக்குத் தெரிகிறது. இல்லையேல் இன்னொரு சிவன் கோயில் என்று வலம் வந்து போய்விடுவோம். இதை நண்பருக்குச் சொன்னேன். அவர் பதிலுக்கு ஒன்று கேட்டார். சிவாஜியின் தம்பி ஏகோஜி வழியில் வந்த மராட்டியர்கள் 1855 வரை தஞ்சையில் இருந்தார்களே, அவர்களுடைய சத்திரிகள் எங்கே, எப்படி இருக்கின்றன என்றார். தஞ்சையில் இராசகோரி என்று ஓர் இடம் உண்டு, அங்கேதான் என்று சொன்னேன். பார்த்திருக்கிறாயா என்றார். பெரிய கோயிலுக்குப் பத்துத் தடவை போனவன் நான். இராசகோரியின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் அவர் ஊர்க் குடையை விரித்துக்கொண்டு வந்ததற்கும் இதற்கும் சரியாகப் போயிற்று என்று அவர் சொல்லவில்லை; அவ்வளவு நல்லவர். வரும் விடுமுறையில் இருவரும் தஞ்சைக்குப் போவதாக ஏற்பாடு.

வானவடி செல்ல விரும்பும் நம் சங்க நண்பர்கள் ஞாயிறு காலையில் புறப்படுவது நலம். சாங்வியிலிருந்து நேர் வண்டிக்குக் காத்திராமல், நகரின் நடுவுக்கு வந்து மாறிக்கொள்ளுங்கள். மண்டபத்தை முதலில் பார்த்து மயங்கிவிடாமல், நேரே கருவறைக்குப் போய்விட்டுப் பிறகு திரும்புங்கள். மழைக்காலமாக இருந்தால் வாயிலிலேயே குடையை மடக்கிவிடுங்கள். அந்தப் பெரியவர் அங்கேதான் இருப்பார்.